அரைப்பேரும் முழுப்பேரும்: "நீங்கள் எந்த ஊர்?" என்ற கேள்வி பற்றி

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் போர்டிங்கில் தங்கி வேலைக்குப் போகும் 26 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அலுவலகத்தில் எந்த ஊர் என்று கேட்டால் 'கண்டிப் பக்கம்' என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போனால் ஒரு ஆள், இங்கே ஒரு ஆள். இதில் எது உண்மையான நான்? தோட்டத்தோடு இருக்கும் தொடர்பெல்லாம் விட்டுப்போனால் நான் நானாகவே இருப்பேனா?"

மகள், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொடர்பு விட்டுப்போனால் நீங்கள் மாறித்தான் போவீர்கள். யாரோடு பழகினாலும் பழகாவிட்டாலும் உள்ளுக்குள் இருக்கிற "நான்" அப்படியே இருக்கும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் கண்டி என்று சொன்னதால் மட்டும் நீங்கள் பொய்யான ஆள் ஆகிவிடவும் இல்லை. இதை விளக்கக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். நான் தலவாக்கலைப் பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவன். வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் இதுதான் நிலைமை.

நமக்குத் தெரிந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு "பேர்" என்று பெயர். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, சொன்ன நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் செக்றோல் என்ற வேலைப் பதிவில் முழுப்பேர் விழும். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு மாறும். அது குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எனக்கு இருபத்திரண்டு பேர்" என்று அம்மா சொல்லும்போது சின்ன வயதில் நான் குழம்பியிருக்கிறேன், ஒரு ஆளுக்கு எப்படி இருபத்திரண்டு பேர் இருக்க முடியும் என்று. அப்புறம்தான் விளங்கியது. கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் அன்றைக்கு அம்மாவின் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்தால் அம்மா அன்றைக்கு இருந்தார். விழாவிட்டால் இல்லை. மழையில் நனைந்து கால் முழுக்க அட்டை கடித்து வந்தாலும், கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசு குறைத்துச் சொன்னால் அம்மா அன்றைக்குப் பாதி ஆள்.

இதே அம்மாவுக்கு லயத்தில் வேறு கணக்கு. எங்கள் தோட்டத்தில் லெட்சுமிகள் மட்டும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மேட்டு லயத்து லெட்சுமி, பிள்ளைக்காம்பரா லெட்சுமி, நெட்டை லெட்சுமி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம். அந்த அடைமொழியை யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்ளவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் வைத்தார்கள். பிள்ளைகளிடம் "உன் பேர் என்ன" என்று தோட்டத்தில் யாரும் முதலில் கேட்பதில்லை. "யாரு வீட்டுப் புள்ள?" என்றுதான் கேட்பார்கள். பதில் சொன்னதும் அந்த ஆள் உங்கள் தாத்தாவின் குணத்தை உங்கள் முகத்தில் தேட ஆரம்பித்துவிடுவார்.

சார்ல்ஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902இல் இதைக் கண்ணாடியை வைத்து விளக்கினார். மற்றவர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன் என்று நினைக்கிறேன், அதற்கு அவர் என்ன முடிவு செய்கிறார் என்று நினைக்கிறேன், அதிலிருந்து எனக்குள் பெருமையோ வெட்கமோ வருகிறது. "நான்" என்ற உணர்வு இப்படித்தான் உருவாகிறது என்றார். இதில் கவனிக்க வேண்டியது, மற்றவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது கூட அவ்வளவு முக்கியமில்லை. அவர் அப்படி நினைக்கிறார் என்று நாம் நினைப்பதே போதும். உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் உங்களைத் தோட்டத்துப் பிள்ளை என்று குறைவாகப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பார்ப்பார்கள் என்ற எண்ணமே "கண்டி" என்று வாயில் வரவைக்கிறது.

அந்த எண்ணம் சும்மா வந்ததும் இல்லை. "தோட்டக்காட்டான்", "கள்ளத்தோணி" என்ற சொற்களை உங்கள் தாத்தா காலத்தில் நேராகவே முகத்தில் எறிந்தார்கள். எறிந்தவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

எழுதுகிற பேருக்கும் கூப்பிடுகிற பேருக்கும் இடையில் நம் சனங்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் மலையகத்திலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது தகப்பனின் தகப்பனும் அவருக்குத் தகப்பனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து, ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியின் பின்னால் மன்னார்க் காடு வழியாக நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள்? ஏறத்தாழ 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லை என்று ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது.

1964 ஒக்டோபரில் இங்கே பிரதமராக இருந்த சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்போதைக்கு ஒத்திவைத்து, 1974இல் இந்திரா காந்தியோடு பேசிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்று யாரும் பெரட்டுக் களத்தில் வந்து கேட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போடவில்லை.

என் பெரியப்பா குடும்பம் எழுபதுகளில் போனது. அட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிடப் போனோம். தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பெரியப்பாவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும், அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. இங்கே ஐம்பது வருடம் "இந்தியாக்காரன்" என்ற பெயரோடு வாழ்ந்தார். நீலகிரிப் பக்கம் கோத்தகிரியில் போய் இறங்கியதும் பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் "சிலோன்காரர்". அங்கேயும் தேயிலைதான், குளிர்தான், கூடைதான். கடல் தாண்டினதும் பெயர் மட்டும் தலைகீழாகிவிட்டது. அவர் சாகும்வரை எழுதிய கடிதங்களில் "நம்ம தோட்டம்" என்று வந்தால் அது இங்கேயுள்ள தோட்டத்தைத்தான் குறிக்கும், தான் வேலை செய்த இடத்தை அவர் பெயர் சொல்லித்தான் எழுதுவார். ஆனால் அவருடைய பேரன் இரண்டு வருடத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் பேசினான். அவனுக்கு நம்ம தோட்டம் என்றால் கோத்தகிரிதான். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. தொடர்பு விட்டுப்போன இடத்தில் இரண்டு தலைமுறையில் வேறு ஆட்கள் உருவாகிவிடுகிறார்கள். அவன் பொய்யானவன் இல்லை, பெரியப்பாவுக்குத் துரோகம் செய்தவனும் இல்லை. அவனைத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இங்கே இருந்தவர்களுக்கு மிச்சக் கதை தெரியும். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடுதான் நாடற்றவர் பிரச்சினை கடைசியில் தீர்ந்தது. சட்டம் தீர்ந்தாலும் பதிவு தீரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும் காலம் வந்தால் எனக்கு வருடா வருடம் தலைவலிதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பள்ளிக்கூடப் பதிவில் இன்னொன்று, அப்பாவின் பெயர் வேறு விதமாக. வீட்டில் கூப்பிடுகிற பெயர் எதிலுமே இல்லை. லயக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். என் மாணவி ஒருத்திக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒரு அலுவலக மேசையில் பத்து நாள் கிடந்து, தேதி முடிந்த பிறகு கைக்கு வந்தது. அந்தப் பிள்ளை அழவில்லை. "சேர், நாங்க எங்க இருக்கோம்னே அவங்களுக்குத் தெரியாது தானே" என்றாள்.

இதற்கு எதிராக நம் சனங்கள் செய்த காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எந்தப் பதிவிலும் சரியாக இல்லாதவர்கள், ஒருவரை ஒருவர் மறக்க முடியாதபடி ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டார்கள். மாசி மாதம், மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்து வந்தால் பொட்டலில் காமன் ஊன்றின நாளிலிருந்து தகனம் வரைக்கும் தோட்டமே ஒரு வீடு. ரதி வேடம் நேர்ந்துகொண்டு கட்டுகிறவனை அடுத்த மாசி வரைக்கும் ரதி என்றே கூப்பிடுவார்கள். சாவு விழுந்தால் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் எந்த லயம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மரண உதவிச் சங்கத்துக் காசு வரும், விறகு வரும், சமைத்துப் போட ஆள் வரும். வெள்ளைக்காரத் துரைமார்கள் தங்கள் ஊர் நினைவில் ஹோலிறூட், டன்கெல்ட், டெவன் என்றெல்லாம் தோட்டங்களுக்குப் பெயர் வைத்தார்கள். (அவர்களுக்கும் ஊர் ஏக்கம் இருந்திருக்கிறது, பாவம்.) நம் ஆட்கள் அதே தோட்டங்களுக்குத் தங்கள் வாய்க்கு வந்த தமிழ்ப் பெயரை வைத்து, மாரியம்மனையும் கொண்டுவந்து நிறுத்தி, அந்த இடத்தைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். உறுதிப் பத்திரம் மட்டும்தான் இல்லை.

"மலையகத் தமிழர்" என்ற பெயரும் அப்படி வந்ததுதான். அரசாங்கக் கணக்கெடுப்பில் "இந்தியத் தமிழர்" என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அறுபதுகளில் படித்து வந்த இளைஞர்களும் ஆசிரியர்களும் இந்தப் பெயரை மேடையிலும் பத்திரிகையிலும் திரும்பத் திரும்பச் சொல்லி நிலைக்கவைத்தார்கள். 2023இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள் அல்லவா, முன்னோர் வந்த பாதை வழியாக? நடந்தவர்களில் தோட்டத்தில் வேலை செய்யாதவர்கள் நிறைய. தோட்டத்தை விட்டுப்போனவர்கள் கூட தங்களை அந்தப் பெயரால் சொல்லிக்கொள்ள முடிகிறது. இது உங்களுக்கும் பொருந்தும்.

சரி, இதுவரை நல்ல பக்கம் மட்டும் சொன்னேன். நெருக்கத்தை இப்படிப் புகழ்ந்துகொண்டே போகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் லயத்தில் நெருக்கம் என்றால் பக்கத்து வீட்டு இருமல் கூட நம் காம்பராவில் கேட்கும் என்று அர்த்தம். யார் யாரோடு பேசினாள் என்ற செய்தி அவள் வீட்டுக்கு வருமுன் அம்மாவுக்கு வந்துவிடும். கங்காணிமார் சொந்தக்காரர்களையும் சொந்தச் சாதிக்காரர்களையும் கூட்டிவந்ததால், சாதியும் கூடவே கப்பலேறி வந்தது. எந்த லயத்தில் யார் என்று பிரித்து வைத்தார்கள். தப்பு அடித்தவரைத்தான் பாருங்கள். அவர் தப்பை எடுக்காமல் தோட்டத்தில் கலியாணமோ சாவோ திருவிழாவோ நடக்காது. ஆனால் அவரைக் கூப்பிடுகிற முறையே வேறு, அவர் உட்காருகிற இடமும் வேறு. என்னிடம் படித்த பையன் ஒருவன், தன் அப்பா தப்பு அடிக்கும் இடத்துக்கே வரமாட்டான். இன்னொருவன் அதே தப்பை நுவரெலியாவில் மேடையில் அடித்து, பெயருக்கு முன்னால் கலைஞர் என்று போட்டுக்கொள்கிறான். இருவருக்கும் அடையாளம் கொடுத்தது ஒரே தோட்டம், ஒரே தோல். அதை யார் பார்க்கும்போது எங்கே அடிப்பது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். இவர்களில் யார் சரி என்று நான் சொல்லமாட்டேன். முதல் பையனின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆட்களைக் கூட்டம் பிரிக்க எவ்வளவு சின்ன காரணம் போதும் என்று பார்த்தவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மனியரிடம் பிடிபட்டார். தான் போலந்து யூதர் என்று தெரிந்திருந்தால் உயிர் தப்பியிருக்க முடியாது, பிரெஞ்சுக்காரர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போர் முடிந்து வந்தபோது அவர் குடும்பத்தில் அநேகமாக யாருமே மிஞ்சவில்லை. "கண்டி" என்று சொன்னதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் நேரத்தில் இவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரை மாற்றிச் சொல்வது சில நேரம் கோழைத்தனம், சில நேரம் உயிர். 1977, 1983 இனக்கலவரங்களில் நம் ஆட்களுக்கும் அது தெரிந்தது.

இவர் பின்னாளில் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, நீ இவர் படத்தை விரும்புகிறவன், நீ அவர் படத்தை விரும்புகிறவன் என்று பிரித்தார். அந்தப் பிரிப்புக் கூட உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு செய்ததுதான். பிறகு மற்றப் பையன்களுக்குக் காசு பங்கிடச் சொன்னபோது, பெயர் கூடத் தெரியாத தன் கூட்டத்துப் பையனுக்கே கூடக் கொடுத்தார்கள். அதைவிட ஆச்சரியம், தன் கூட்டத்துக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் கூட்டத்தைவிட வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும் என்று பார்த்தார்கள். எனக்கு இதைப் படித்தபோது எங்கள் தோட்டத்துப் பிரிவுகளான மேல்கணக்கும் கீழ்கணக்கும் ஆடுகிற வொலிபோல் மெட்ச்தான் ஞாபகம் வந்தது. ஒரே தோட்டம், ஒரே சம்பளம், ஒரே துரை. இருந்தாலும் தோற்ற பக்கம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாது. தொழிற்சங்கம் வந்தபிறகு வீட்டுக்குள்ளேயே அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. ஆகவே "நம்ம ஆளுங்க" என்ற உணர்வு வருகிறபோதெல்லாம், அது யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பது நல்லது.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். 1995இல் போமைஸ்டர், லியரி என்ற இரண்டு உளவியலாளர்கள், மனிதருக்குச் சாப்பாடு போல உறவும் ஒரு தேவை என்று எழுதினார்கள். அதற்கு இரண்டு விஷயம் சேர வேண்டும் என்றார்கள். அடிக்கடி சந்தித்துப் பழக வேண்டும், அந்தப் பழக்கம் ஒருவருக்கொருவர் அக்கறையோடு நீடிக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். உங்கள் நிலைமையை இதில் வைத்துப் பாருங்கள். கொழும்பில் தினமும் சந்திக்கிற ஆட்கள் நிறைய. ஆனால் நீங்கள் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் தேடி வரப்போகிறவர் யார்? தோட்டத்தில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை வருடத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் பார்க்கிறீர்கள். முதல் பாதி ஒரு இடத்தில், இரண்டாம் பாதி இன்னொரு இடத்தில். "இங்கே ஒரு ஆள், அங்கே ஒரு ஆள்" என்று நீங்கள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். உங்களுக்குள் இரண்டு பேர் இல்லை மகள். இரண்டு இடத்திலும் உங்களுக்கு அரைப்பேர் விழுகிறது.

எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது விண்ணப்பத்தில் சொந்த முகவரியாகத் தலவாக்கலை பஜாரில் மாமாவின் கடை முகவரியைக் கொடுத்தேன். கடிதம் ஒழுங்காக வரும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் உங்களுக்கே தெரியும். அறையில் கூட இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன். அவரிடமும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரியே ஐந்தாறு மாதம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விரிவுரையாளர் வராமல் பத்து மணிக்கே வகுப்பு முடிந்தது. வெளியே வரும்போது என்னையறியாமல் "இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று சொல்லிவிட்டேன். "அது என்ன அரைப்பேர்?" என்றார். மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. அந்தச் சொல்லை விளக்க வேண்டும் என்றால் செக்றோலைச் சொல்ல வேண்டும், செக்றோல் என்றால் அம்மாவைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டை மறந்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ச்சியும் அடையவில்லை, அனுதாபமும் காட்டவில்லை. "அப்ப கொம்மாவுக்கு மழை நாளிலை எத்தினை பேர் விழும்?" என்று கணக்குக் கேட்டார். அதற்குப் பிறகு வகுப்பு பாதியில் முடிகிற நாளெல்லாம் அவர்தான் முதலில் சொல்வார், "இண்டைக்கு அரைப்பேர்தானோ?" என்று. அந்த வருடம் எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து மூன்று நாள் லயத்தில் படுத்துவிட்டுப் போனார். வந்த முதல் நாளே மேட்டு லயத்து ஆட்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதை இங்கே எழுத முடியாது.

அலுவலகம் முழுக்க அறிவிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊர் கேட்கிற எல்லாருக்கும் முழுக்கதை சொல்லக் கடமை கிடையாது. லிஃப்டில் கேட்கிறவருக்குக் கண்டி போதும். மத்தியானம் கூட உட்கார்ந்து சாப்பிடுகிற தோழி ஒருவராவது இருப்பார். அவரிடம் பொகவந்தலாவை என்று சொல்லிப் பாருங்கள், தோட்டத்தின் பெயரையும் சேர்த்து. அவர் முகத்தில் என்ன வருகிறது என்று நீங்களே பார்க்கலாம், நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அப்புறம், அம்மாவோடு போனில் பேசும்போது "சாப்பிட்டியா, சம்பளம் வந்துச்சா" என்பதோடு நிறுத்தாமல், இந்த வாரம் எத்தனை பேர் விழுந்தது, எந்த மலையில் கொழுந்து, காமன் கூத்தில் இந்த முறை ரதி யார் என்று கேளுங்கள். மாசிக்கு லீவு கிடைத்தால் போய்விட்டு வாருங்கள். முடிந்தால் அந்தத் தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள். குளிருக்கு ஒரு சுவெட்டர் எடுத்துவரச் சொல்ல மறக்க வேண்டாம். கொழும்பு ஆட்கள் அதை எப்போதும் நம்புவதில்லை.